உண்ணி கடித்தால்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அம்மாவுக்கு ஒருமுறை காய்ச்சல் வந்து எட்டு நாளாக இறங்கவில்லை. இரண்டு இடத்தில் மருந்து எடுத்தோம். டெங்கு இல்லை என்றார்கள். அமொக்சிசிலின் தந்தார்கள், கேட்கவில்லை. ஒன்பதாம் நாள், வார்ட்டில் இருந்த இளம் டொக்டர் ஒருவர் அம்மாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "அம்மா, மாடு வச்சிருக்கீங்களா? புல்லறுக்கப் போவீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அன்றிரவே குளிசை மாறியது. மூன்றாம் நாள் அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்.

நான் டொக்டர் அல்ல, மருந்தாளர். மருந்து வாங்க வரும் தோட்டத்துச் சனங்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். அந்த டொக்டர் கேட்ட கேள்விக்கான பதிலை, யாரும் கேட்காமலே நீங்களாகச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை.

உண்ணி என்றால் சரியாக எது? அட்டை, தெள்ளு எல்லாம் வேறா?

வேறுதான். மழைக்காலத்தில் காலில் ஏறும் அட்டை புழு இனம். அது குடித்துவிட்டு விழுந்துவிடும், இரத்தம் வழிவதால் நமக்கும் தெரிந்துவிடும். தெள்ளு துள்ளும் பூச்சி. உண்ணி சிலந்தியின் உறவு. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள், முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு ஆறு கால்கள். குஞ்சு, இளசு, பெரியது என்று மூன்று பருவம். ஒவ்வொரு பருவத்திலும் அதற்கு ஒரு தடவை வயிறு நிறைய இரத்தம் வேண்டும். நாய், மாடு, பன்றி, மான், எலி எது கிடைத்தாலும் ஏறும். நடுவே நாம் போய் மாட்டிக்கொள்கிறோம். குஞ்சு உண்ணி கடுகளவு கூட இருக்காது. அதைக் கண்ணால் பார்க்காமலே கடி வாங்கியவர்கள்தான் அதிகம்.

மலையகத்தில் உண்ணியால் வரும் காய்ச்சல் எது?

புள்ளிக் காய்ச்சல் வகை. ரிக்கெட்சியா என்ற பக்டீரியாக் குடும்பத்தால் வருவது. கண்டி, பேராதனைப் பக்கத்து ஆய்வுகளில் மத்திய மலைநாட்டு நோயாளிகளின் இரத்தத்தில் கூடுதலாகத் தென்பட்டது, ரிக்கெட்சியா கொனோரி என்ற வகைக்கு எதிரான அடையாளங்கள்தான்.

இந்தக் குடும்பத்துக்குப் பெயர் தந்தவர் ஹோவர்ட் ரிக்கெட்ஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர். ரொக்கி மலைப் பகுதியில் ஆட்களைக் கொன்ற புள்ளிக் காய்ச்சல் உண்ணியால் பரவுகிறது என்று 1906-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டினார். 1910-இல் மெக்சிக்கோவில் டைபஸ் காய்ச்சலை ஆராயப் போன இடத்தில் அதே காய்ச்சல் தொற்றி இறந்துபோனார். நமக்கு இன்று தெரிந்திருப்பதில் ஒரு பங்கு அவர் உயிரைக் கொடுத்து வாங்கியது.

யாழ்ப்பாணத்தில் சொல்லும் 'உண்ணிக் காய்ச்சல்' இதுதானா?

பெயர் ஒன்று, கிருமி வேறு. வடக்கிலும் மேற்குக் கரையோரத்திலும் கூடுதலாகக் காண்பது புதர் டைபஸ். அதன் கிருமிக்குப் பெயர் ஒரியன்சியா. அதைப் பரப்புவது உண்ணி அல்ல, அதைவிடச் சிறிய ஒரு சிற்றுயிரின் குஞ்சு. தேயிலையில் விழும் சிவப்புச் சிலந்தியைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அந்த இனத்தோடு சேர்ந்தது. எலித் தெள்ளால் வரும் இன்னொரு டைபசும் உண்டு. நல்லவேளை, மூன்றுக்கும் முதல் மருந்து ஒன்றுதான்.

டைபொயிட்டும் டைபசும் ஒன்றா?

இல்லை. டைபொயிட், அதாவது நெருப்புக் காய்ச்சல், அசுத்தமான தண்ணீராலும் சாப்பாட்டாலும் வருவது. மருந்தும் வேறு. வீட்டில் ஒருவருக்கு டைபஸ் என்று சொன்னால் "டைபொயிட்டாம்" என்று அடுத்த லயத்துக்குச் சொல்லிவிடாதீர்கள். அடுத்தமுறை டொக்டர் பழைய நோய் கேட்கும்போது அந்தத் தவறு அப்படியே போய்ச் சேரும்.

அது கடிக்கும்போது ஏன் தெரிவதில்லை?

நம் உடம்பை ஏமாற்றுவதில் உண்ணிக்கு இணை கிடையாது. நுளம்பு சில நிமிடங்களில் குடித்துவிட்டுப் பறந்துவிடும். உண்ணி நாள்கணக்கில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பெரிய உண்ணி என்றால் ஒரு வாரம் வரை கூட இருக்கும். அத்தனை நாளும் நம் உடம்பு அதைக் கண்டுபிடிக்கக் கூடாது.

முதலில் சீமெந்து போல ஒரு பசையைக் கக்கித் தன் வாயைத் தோலோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு அதன் எச்சில் வேலையைத் தொடங்குகிறது. அந்த எச்சிலில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருட்கள் உண்டு. அரிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும் புரதங்கள் உண்டு. அதைவிட எனக்கு வியப்பான ஒன்று: காயம் பட்டால் நம் உடல் "இங்கே வாருங்கள்" என்று வெள்ளை அணுக்களைக் கூப்பிட இரசாயனச் செய்திகளை அனுப்பும். உண்ணியின் எச்சில் அந்தச் செய்தியையே வழியில் மறித்துவிடுகிறது. காவல்காரன் தூங்கவில்லை, அவனுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. உண்ணிக்குள் கிருமி இருந்தால், காவல் இல்லாத அந்த இடத்தில்தான் அது சத்தமில்லாமல் இறங்குகிறது.

எனக்குக் கடித்தால் தடித்து அரிக்கிறது. வீட்டுக்காரருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. ஏன்?

உங்கள் உடம்பு உண்ணியைக் கற்றுக்கொண்டிருக்கிறது. முதல் கடியில் ஏமாந்த உடல், பல கடிகளுக்குப் பிறகு அந்த எச்சிலையே எதிரியாக அடையாளம் கண்டுவிடும். 1939-இல் வில்லியம் டிரேகர் என்ற ஆராய்ச்சியாளர் கினிப்பன்றிகளில் இதைக் காட்டினார். ஒருமுறை உண்ணிக் குஞ்சுகள் கடித்த கினிப்பன்றியில் மறுமுறை குஞ்சுகளை விட்டபோது, அவற்றால் வயிறு நிறையக் குடிக்க முடியவில்லை. கடித்த இடத்தில் வெள்ளை அணுக்கள் கூடி, தோல் தடித்து, உண்ணிக்குச் சாப்பாடே கிடைக்காமல் போனது.

மனிதரிலும் இதற்கு ஓர் அடையாளம் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் பிளொக் தீவு என்ற இடத்தில் உண்ணி மிகவும் அதிகம். அங்கே உண்ணி கடித்தால் அரிக்கிறது என்று பலமுறை உணர்ந்தவர்களுக்கு, லைம் என்ற உண்ணி நோய் குறைவாக வந்திருந்ததாக 2005-இல் வெளியான ஆய்வு சொன்னது. அரித்தால் கை போகும், கை போனால் உண்ணியைக் கண்டுபிடித்துப் பிடுங்குவோம். அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் இதை நம்பி "எனக்குப் பழகிவிட்டது" என்று இருந்துவிடாதீர்கள். அரிப்பு உண்ணிக்கு எதிரான விழிப்புத்தான். கிருமிக்கு எதிரான கவசமாக அதை எண்ணக் கூடாது.

கடித்த இடத்தில் கட்டி மாதிரி இருக்கிறது. கிருமி ஏறிவிட்டதா?

கடித்த ஓரிரு நாளில் சிவந்து அரிக்கும் சிறு தடிப்பு பெரும்பாலும் உடலின் எதிர்வினைதான். சிலருக்கு அது வாரக்கணக்கில் சிறு கட்டியாக நின்று மெல்லக் கரையும். கவலைப்பட வேண்டியது வேறு. கடித்த இடம் நோகாமல் கறுத்து, சிகரெட்டால் சுட்ட மாதிரிப் பொருக்குத் தட்டி, பக்கத்தில் நெறி கட்டினால் உடனே காட்டுங்கள். இந்தக் கறுப்புப் பொருக்கு புதர் டைபசில்தான் கூடுதலாக வரும், மலையகத்துப் புள்ளிக் காய்ச்சலில் அரிது. ஆகவே பொருக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

கிருமி உள்ளே போனால் உடலில் என்ன நடக்கிறது?

ரிக்கெட்சியா வெளியே தனியாக வாழாது. நம் உயிரணுவுக்குள் புகுந்துதான் பெருகும். அது தேடிப் போவது மிகச் சிறிய இரத்தக் குழாய்களின் உட்சுவர். அந்தச் சுவர் புண்ணாகும்போது இரத்தத்தின் நீர் கசியத் தொடங்கும், சில இடங்களில் இரத்தமே கசியும். தோலில் கசிந்தால் புள்ளி. மூளையில், நுரையீரலில், சிறுநீரகத்தில் கசிந்தால் ஆபத்து. தலையிடி முதல் மூச்சுத் திணறல் வரை எல்லாவற்றுக்கும் வேர் இந்தக் கசிவுதான்.

நம் பக்கத்துப் படை இரண்டு கட்டமாக வருகிறது. முதலில் வருபவை எந்தக் கிருமியானாலும் தாக்கும் அணுக்கள். அவை சில இரசாயனங்களைச் சுரந்து, நோயுற்ற உயிரணு தனக்குள் இருக்கும் கிருமியைத் தானே கொல்லும்படி தூண்டும். அடுத்து, கிருமி ஒளிந்திருக்கும் உயிரணுவையே தேடி அழிக்கும் சிறப்பு அணுக்கள் வரும். பள்ளிப் புத்தகத்தில் 'பிறபொருளெதிரி' என்று படித்தது, அதாவது கிருமியைப் பிடிக்க உடல் செய்யும் புரதம், இதற்கெல்லாம் பிந்தி, இரண்டாம் வாரத்தில்தான் இரத்தத்தில் போதிய அளவு தெரியும். இந்தத் தாமதத்தை நினைவில் வையுங்கள், பரிசோதனையைப் பற்றிய கேள்வியில் மறுபடி வரும்.

எத்தனை நாளில் காய்ச்சல் வரும்? எப்படித் தெரியும்?

கடித்து ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்குள். திடீரென்று கடும் காய்ச்சல், மண்டை வெடிக்கிற மாதிரித் தலையிடி, உடம்பு முறிவு, கண் சிவப்பு. சில நாள் கழித்துப் புள்ளிகள் கை கால்களில் வந்து உடம்புக்குப் பரவலாம், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கூட வரும். மாநிறத் தோலில் புள்ளி எளிதில் தெரியாது. பகல் வெளிச்சத்தில் உள்ளங்கையைப் பாருங்கள். மலையகத்து நோயாளிகள் சிலருக்கு முழங்கால், கணுக்கால் மூட்டுகள் வீங்கி நடக்க முடியாமல் போகிறது. முற்றினால் தோல் கறுத்துப் புண்ணாவதும் உண்டு. எல்லாருக்கும் எல்லாம் வருவதில்லை.

மூச்சு வாங்குதல், பிதற்றல், தூங்கி வழிதல், வலிப்பு, சிறுநீர் குறைதல், எங்காவது இரத்தம் கசிதல், இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990-க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

டொக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

டொக்டர் ஒருவருக்குச் சில நிமிடம்தான் தருவார், வரிசை அப்படி. அந்த நிமிடங்களில் இவற்றைச் சொல்லுங்கள்: காய்ச்சல் தொடங்கிய திகதி. கடந்த இரண்டு வாரத்தில் புல்லறுக்க, விறகு பொறுக்க, கான் வெட்ட, பத்தனைப் புல்வெளிப் பக்கம் மாடு மேய்க்கப் போனீர்களா. வீட்டில் நாய், மாடு உண்டா. உண்ணி எடுத்த நினைவு உண்டா. இதுவரை விழுங்கிய குளிசைகளின் உறை, அதையும் கொண்டு போங்கள்.

நம் பெண்கள் "கொழுந்து எடுக்கிற வேலை" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். வேலை முடிந்து மாட்டுக்கு ஒரு கட்டுப் புல் அறுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வருவதை வேலையாகவே நினைப்பதில்லை. அம்மாவும் அப்படித்தான் விட்டுவிட்டார். அந்தப் புல்லுக்கட்டுத்தான் முக்கியமான தகவல். சிங்களத்தில் சொல்ல வேண்டி வந்தால் உண்ணிக்கு 'கினித்துல்லா' என்ற ஒரு சொல் போதும்.

இரத்தத்தில் பார்த்துச் சொல்லிவிட முடியாதா?

முதல் வாரத்தில் கடினம். சாதாரண இரத்தப் பரிசோதனையில் குருதிச் சிறுதட்டுகள் குறைந்திருக்கலாம், ஈரல் கணக்குகள் ஏறியிருக்கலாம். ஆனால் டெங்குவிலும் எலிக்காய்ச்சலிலும் அப்படி வரும். ரிக்கெட்சியாவுக்கென்று செய்யும் முக்கியமான பரிசோதனை, ஒளிரும் சாயத்தை வைத்துப் பிறபொருளெதிரியைத் தேடுவது. கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் அதைச் செய்கிறார்கள். பிறபொருளெதிரியே இரண்டாம் வாரத்தில்தான் வருகிறது என்றால், மூன்றாம் நாள் எடுத்த இரத்தத்தில் 'இல்லை' என்று வருவதற்குப் பொருள் கிடையாது. மறுபுறம், பழைய தொற்றின் பிறபொருளெதிரி மாதக்கணக்கில் இரத்தத்தில் கிடக்கும். ஆகவே ஒருமுறை 'உண்டு' என்றாலும் இப்போதைய காய்ச்சலுக்கு அதுதான் காரணம் என்று ஆகாது. இரண்டு, மூன்று வார இடைவெளியில் இருமுறை எடுத்து, அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால்தான் உறுதி.

வைல்-பீலிக்ஸ் என்று ஒரு பழைய பரிசோதனையும் உண்டு, 1916-இல் வந்தது. ரிக்கெட்சியாவுக்கு எதிராக உடல் செய்த பிறபொருளெதிரி, தொடர்பே இல்லாத புரோட்டியஸ் என்ற பக்டீரியாவையும் ஆள்மாறிப் பிடித்துக்கொள்ளும். அந்த ஆள்மாறாட்டத்தை வைத்தே செய்வது. அதனால்தான் அதன் முடிவை முழுதாக நம்புவதில்லை.

இதற்கெல்லாம் காத்திருக்காமல், சந்தேகம் வந்தவுடனே மருந்து தொடங்குவதே வழக்கம், அதுவே சரி. "இரத்தம் இன்னும் வரவில்லையே, ஏன் மருந்து தந்தார்கள்" என்று கோபப்படாதீர்கள்.

என்ன மருந்து?

டொக்சிசைக்கிளின். பெரியவர்களுக்கு வழக்கமாக 100 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை. குறைந்தது 5 முதல் 7 நாள், காய்ச்சல் விட்டபிறகும் மூன்று நாளாவது தொடர வேண்டும். எத்தனை நாள் என்பது டொக்டர் சொல்வதுதான். பொதுவாக 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். இறங்கவில்லை என்றால் வேறு நோயா என்று மறுபடி பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள் முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும், அவர்களுக்கு அசித்ரோமைசின் போன்றவற்றை யோசிப்பார்கள். "பிள்ளைகளுக்குப் பல் கறுக்கும்" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இந்த நோய்க்குக் கொடுக்கும் குறுகிய கால மருந்தில் அந்தப் பயத்துக்கு இடமில்லை என்பதுதான் இன்றைய மருத்துவக் கருத்து.

விழுங்கும் முறையில்தான் நம்மவர்கள் தவறுகிறார்கள். பால் தேத்தண்ணீரோடு விழுங்கக் கூடாது. கிளினிக்கில் தரும் இரும்புக் குளிசை, கல்சியம், வயிற்றெரிவு மருந்து இவற்றோடும் கூடாது, சில மணி நேரம் இடைவெளி வேண்டும். பாலும் இரும்பும் மருந்தைப் பிடித்துக்கொண்டால் உடலில் சேராது. ஒரு கோப்பை நிறையப் பச்சைத் தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள், இல்லாவிட்டால் உணவுக் குழாய் புண்ணாகும். குளிசை எடுக்கும் நாட்களில் வெயில் பட்டால் தோல் எரியும், மலைக்கு வேலைக்குப் போகாதீர்கள்.

காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை புரூஃபன், டைக்குளோபெனாக் வேண்டாம்.

அமொக்சிசிலின் ஏன் கேட்காது?

கிருமி உயிரணுவுக்குள்ளே இருக்கிறது, அந்த மருந்து வெளியே நிற்கிறது. பென்சிலின் குடும்பம் முழுவதும் அப்படித்தான். அமொக்சிசிலின் எடுத்தும் காய்ச்சல் ஐந்தாறு நாள் நின்றால், அதையே டொக்டரிடம் ஒரு தடயமாகச் சொல்லுங்கள்.

உண்ணி கடித்தவுடன் முன்கூட்டியே குளிசை போடலாமா?

வேண்டாம். அமெரிக்காவில் லைம் நோய்க்குச் சில சூழ்நிலைகளில் ஒரு வேளை டொக்சிசைக்கிளின் கொடுப்பதுண்டு. புள்ளிக் காய்ச்சலுக்கு அப்படிக் கொடுப்பதில்லை. எலிக்காய்ச்சலைத் தடுக்க வயல்காரருக்குத் தருவதும் இதே மருந்துதான், அந்த மிச்சக் குளிசையை எடுத்து விழுங்கவும் வேண்டாம். உண்ணியை எடுத்த திகதியைக் கலண்டரில் குறியுங்கள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அந்தக் குறிப்போடு போங்கள்.

உண்ணியை எடுப்பது எப்படி?

முனை மெல்லிய சாமணத்தால், தோலுக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்டப் பிடித்து, முறுக்காமல், வெட்டி இழுக்காமல், ஒரே சீராக மேலே இழுங்கள். சாமணம் இல்லாவிட்டால் துணி சுற்றிய விரலால். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வாயின் துண்டு உள்ளே நின்றுவிட்டால் ஊசியால் தோண்டாதீர்கள், தோல் தானே தள்ளிவிடும்.

நெருப்புக்குச்சி, மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, பற்பசை எதுவும் வேண்டாம். அவை உண்ணியைத் தொந்தரவு செய்து இன்னும் எச்சில் கக்க வைக்கலாம். கிருமி இறங்கச் சில மணி நேரமாவது பிடிக்கும், ஆகவே சீக்கிரம் எடுப்பதே பெரிய காரியம்.

காதுக்குள் போய்விட்டது. எண்ணெய் விடலாமா?

நீங்களாக எதுவும் விட வேண்டாம், ஊக்கோ ஹேர்பின்னோ போடவும் வேண்டாம். இலங்கையில் இது அரிதல்ல, காது மூக்கு தொண்டை கிளினிக்கில் பார்த்து எடுத்துவிடுவார்கள். வலி தாங்க முடியாது என்பது உண்மை, ஆனால் செவிப்பறை கிழிந்தால் அது வேறு கதை. உண்ணி இருந்த பக்கம் முகம் கோணினால் அன்றே போங்கள்.

இணையத்தில் லைம் நோய் என்று பயமுறுத்துகிறார்களே?

அது முக்கியமாக வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியாவின் குளிர்ப் பகுதிகளின் நோய். அங்குள்ள வேறு வகை உண்ணிகளால் பரவுகிறது. 1982-இல் அதன் கிருமியைப் பற்றி அறிவித்தவர் வில்லி பர்க்டோர்பர் என்ற ஆராய்ச்சியாளர். கடித்த இடத்தைச் சுற்றி வளையமாகச் சிவப்புப் படர்வது அதன் அடையாளம். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினருக்கு அப்படி இருந்தால் யோசிக்கலாம்.

உண்ணி கடித்தால் இறைச்சி ஒத்துக்கொள்ளாமல் போகுமா?

சில நாடுகளில் அப்படி உண்டு. மாடு, ஆடு, பன்றி இறைச்சியில் உள்ள ஒரு சர்க்கரைப் பொருள் சில உண்ணிகளின் எச்சிலிலும் இருக்கிறது. கடிபட்ட உடல் அதை எதிரியாகப் பதிந்துகொள்கிறது. பிறகு இறைச்சி சாப்பிட்டு மூன்று, நான்கு மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு முட்டல். அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் நன்றாக ஆராயப்பட்டது. இறைச்சி சாப்பிட்ட இரவில் உங்களுக்கு மறுபடி மறுபடி இப்படி வந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள்.

ஒருமுறை வந்தால் மறுபடி வராதா?

புள்ளிக் காய்ச்சலுக்குப் பிறகு நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கும் என்றே கருதப்படுகிறது. புதர் டைபசில் அப்படி இல்லை. அந்தக் கிருமிக்குப் பல வகைகள், ஒன்றுக்குக் கிடைத்த பாதுகாப்பு மற்றொன்றுக்கு அதிகம் உதவாது. இரண்டுக்கும் இப்போது போடக்கூடிய தடுப்பூசி இல்லை.

நாயைத் துரத்திவிட வேண்டுமா?

வேண்டாம். அது பாவம், அதற்கும் உண்ணியால் நோய் வருகிறது. எர்லிக்கியா என்ற பக்டீரியாவால் நம் நாய்கள் மெலிந்து, மூக்கில் இரத்தம் வடிந்து சாகின்றன. மிருக வைத்தியரிடம் உண்ணி மருந்து வாங்கிப் போடுங்கள். தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தை நாய்க்கோ பிள்ளையின் தலைக்கோ ஒருபோதும் பூசாதீர்கள்.

பிள்ளைகள் நாயிலிருந்து பிடுங்கிய உண்ணியை நகத்தால் நசுக்கி 'டப்' என்று வெடிக்க வைப்பார்கள். அதை இன்றே நிறுத்துங்கள். அந்த இரத்தம் விரலிலுள்ள கீறலிலோ கண்ணிலோ பட்டாலும் கிருமி ஏற வழி உண்டு. ஒரு மூடி போத்தலில் ஸ்பிரிட் கொஞ்சம் ஊற்றி வைத்து அதில் போடச் சொல்லுங்கள். மாலையில் குளிக்கும்போது காதின் பின்புறம், தலைமயிர் ஓரம், அக்குள், தொப்புள், இடுப்பில் படங்கு கட்டும் இடம், முழங்காலின் பின்மடிப்பு ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். பிள்ளைகளுக்கு நீங்கள் பாருங்கள், உங்கள் முதுகை அவர்கள் பார்க்கட்டும்.